ஊசியே முதலாக...
(மார்கரெட் ஸ்டைஃப் அம்மையாரின் வாழ்க்கை)

தொழில் தொடங்கப் பணம் வேண்டும். பணம் இருந்தால் இடம் வேண்டும். இடம் இருந்தால் ஆள் பலம் வேண்டும் என்று பெரியவர்கள் பேசக் கேட்டிருக்கிறோம். பள்ளியில் படிக்கின்ற ஒரு பெண்ணிடம் இவற்றில் எது இருக்கிறது? பையில் புத்தகம் இருக்கிறது. பெட்டியில் ஊசியும் நூலும் இருக்கின்றன. மனத்தில் ஆசை இருக்கிறது. படிப்பு முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அந்த ஆசையையும் மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறோம்.

நம்மிடையே பூத்தையல் செய்யத் தெரிந்தவர்கள் பலர் உண்டு. மணி கோப்பவர்கள் உண்டு. ஊறுகாயும் முறுக்கும் வீட்டாரே வியக்கும்படி செய்பவர்கள் உண்டு. கைவினைக் கண்காட்சி நாளன்று அவர்களை எல்லாரும் பாராட்டுகிறோம். கண்காட்சி முடிந்த மறுநாள் அந்தக் கைத்திறன் எங்கே போகிறது? இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு, ஒரு பெண்ணின் கதையை இங்கே சொல்ல விரும்புகிறோம்.

அவர் செய்த பொருளை நாம் எல்லாரும் அறிவோம். உலகத்துக் குழந்தைகள் கட்டிக்கொண்டு உறங்கும் கரடி பொம்மை அது. 'டெடி' என்று செல்லமாக அழைக்கிறோமே, அந்தக் கரடிதான். அதை உலகுக்கு அளித்தவர்களில் முதன்மையானவர் ஜெர்மனி நாட்டு மார்கரெட் ஸ்டைஃப் அம்மையார். எழுந்து நிற்கவும் இயலாத அவர், ஆயிரக்கணக்கானோர் வேலை செய்யும் தொழில் ஒன்றை எழுப்பி நிறுத்தினார்.

இளமையும் இன்னலும்

தென்ஜெர்மனியில், அக்காலத்தில் வூர்ட்டம்பர்க் என்னும் தனி அரசாக இருந்த பகுதியில், பிரென்ஸ் ஆற்றங்கரையில் கீங்கன் என்றொரு சிற்றூர் உள்ளது. அங்கே 1847-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 24-ஆம் நாள் மார்கரெட் பிறந்தாள். தந்தையார் பிரெடரிக் ஸ்டைஃப் கட்டட வேலை செய்பவர். மரீ, பாலின் என்று இரண்டு அக்காமார். பின்னால் பிறந்த தம்பி பிரிட்ஸ். செல்வக் குடும்பம் என்று சொல்ல முடியாது. உழைத்தால் குறைவின்றி உண்ணலாம் என்ற நிலை.

குழந்தைக்கு ஒன்றரை வயது இருக்கும்போது கடுமையான காய்ச்சல் கண்டது. காய்ச்சல் இறங்கியது, ஆனால் கால்கள் இரண்டும் உணர்விழந்து துவண்டன. வலக்கையைத் தூக்கினாலே வலித்தது. இளம்பிள்ளைவாதம் என்று பின்னர் தெரிய வந்தது. அந்நோயைத் தடுக்கும் மருந்து அக்காலத்தில் இல்லை. முதல் தடுப்பூசி வந்ததே 1955-இல்தான். சொட்டு மருந்தின் பயனால் நம் இந்தியாவும் 2014-இல் போலியோ அற்ற நாடு என்று சான்று பெற்றது. மார்கரெட்டோ அதற்கு நூறாண்டுகளுக்கு முன்பே பிறந்துவிட்டவள்.

மகளை எப்படியாவது நடக்க வைக்கவேண்டும் என்று பெற்றோர் துடித்தார்கள். ஒன்பது வயதில் லூட்விக்ஸ்பர்க் என்னும் நகருக்கு அழைத்துச் சென்று அறுவை சிகிச்சை செய்வித்தார்கள். பிறகு, வெந்நீர் ஊற்றுக்குப் பேர்போன வில்ட்பாடு என்னும் ஊரில் தங்கவைத்து நீர்ச்சிகிச்சை அளித்தார்கள். செலவுதான் மிஞ்சியது, கால்கள் அசையவில்லை.

ஆனால் ஒன்றை அப்பெற்றோர் செய்தார்கள். மகளைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். நடக்க முடியாதவளுக்குப் படிப்பு எதற்கு என்று அவளை வீட்டு மூலையில் உட்கார வைத்துவிடவில்லை. உடன்பிறந்தோரும் அண்டைவீட்டுப் பிள்ளைகளும் அவளை ஒரு சிறு கைவண்டியில் அமர்த்திப் பள்ளிக்கு இழுத்துச் சென்றார்கள். மற்றவர்கள் தூக்கித்தான் வகுப்பில் அமர்த்தவேண்டும். ஆயினும் பள்ளி என்றால் அவளுக்கு உயிர். விளையாட்டு நேரத்தில் வண்டியில் இருந்தபடியே விளையாட்டுக்குத் திட்டம் வகுப்பாள். சின்னஞ்சிறு பிள்ளைகளைத் தன் பக்கத்தில் சேர்த்துக்கொண்டு பார்த்துக்கொள்வாள். தெருப் பிள்ளைகளுக்கு அவள் தலைவியாகவே இருந்தாள்.

பிள்ளைகளோடு பிள்ளையாகக் கழித்த இந்த நாள்களை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். குழந்தைக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது, எதைக் கையில் எடுத்தால் அழுகை நிற்கும் என்பதையெல்லாம் அவள் அந்த வண்டியில் இருந்தபடி கண்டிருப்பாள். பிற்காலத்தில் பொம்மைத் தொழிலில் இறங்கியவருக்கு இதைவிடச் சிறந்த பாடம் எந்தக் கல்லூரியில் கிடைக்கும்?

தையல் பள்ளியில்

பள்ளிப் படிப்பு முடிந்ததும் மார்கரெட் தையல் கற்க விரும்பினாள். வலியில்லாத கை ஒன்றே ஒன்று, அதுவும் இடக்கை. தையலோ இரண்டு கைகளுக்கும் நாள் முழுதும் வேலை கொடுக்கும் தொழில். எனினும் அவள் தையல் பள்ளியில் சேர்ந்தாள். வலக்கையின் வலியால் மற்ற மாணவியரைக் காட்டிலும் மெதுவாகவே அவளால் தைக்க முடிந்தது. மற்றவர்கள் ஒரு துணியை முடிக்கும்போது இவள் பாதியில் இருப்பாள். ஆனால் விடவில்லை. 17 வயதுக்குள் தையற்பயிற்சியைக் குறையின்றி முடித்துத் தேர்ந்த தையற்காரி ஆனாள்.

அந்த வயதில்தான் அவள் மனத்திலும் ஒரு முடிவு பிறந்தது. இனி நோய் குணமாகும் என்று மருத்துவரைத் தேடி அலைவதில்லை. இருக்கின்ற உடலைக் கொண்டு இயன்றதைச் செய்வது என்று தீர்மானித்தாள். இதை மனமுறிவு என்று எண்ணிவிடலாகாது. மருந்துக்கும் பயணத்துக்கும் செலவான காலத்தை அன்று முதல் தன் வேலைக்கு அவள் எடுத்துக்கொண்டாள்.

இன்னொரு கலையும் அவளுக்குக் கைவந்தது. 'ஸிதர்' என்று ஒரு தந்தி வாத்தியம் அந்நாட்டில் உண்டு. பெயர் நம் சிதாரைப் போல் ஒலித்தாலும் இது வேறு. மேசைமேல் கிடத்தி வைத்து மீட்டுவது. மார்கரெட் அதை வாசிக்கக் கற்றாள். தான் கற்றதைப் பிறருக்குக் கற்பித்துக் கட்டணமும் பெற்றாள். இசைப் பாடம் சொல்லிக்கொடுத்து வந்த அந்தச் சில்லறைக் காசுதான் அவள் தனியாகச் சம்பாதித்த பணம்.

அக்காமார் இருவரும் 1862-இல் வீட்டிலேயே பெண்களுக்கான தையற்கடை ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். மார்கரெட்டும் அதில் கைகொடுத்தாள். சிறுகச் சிறுகச் சேர்த்து, எட்டு ஆண்டுகள் கழித்து ஒரு தையல் இயந்திரம் வாங்கினார்கள். கீங்கன் ஊரிலேயே முதல் தையல் இயந்திரம் அதுதான் என்று சொல்லப்படுகிறது.

இயந்திரம் வந்தது, ஆனால் அதில் ஒரு சங்கடமும் சேர்ந்து வந்தது. அதன் சக்கரம் வலப்பக்கத்தில் இருந்தது. வலக்கையால் சுழற்றவேண்டும். மார்கரெட்டால் அது இயலாது. என்ன செய்தாள் தெரியுமா? இயந்திரத்தையே திருப்பி வைத்துக்கொண்டாள்! முன்புறம் பின்புறமாகி, சக்கரம் இடப்பக்கத்துக்கு வந்தது. இடக்கையால் சுழற்றித் தைத்தாள். உலகம் நமக்கு ஏற்றபடி அமையாவிட்டால் அழுவோரும் உண்டு, ஆத்திரப்படுவோரும் உண்டு. இந்தப் பெண்ணோ மேசைமேல் இருந்ததைத் திருப்பி வைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தாள்.

சொந்தக் கடை

காலம் ஓடியது. அக்காமார் திருமணமாகிப் புகுந்த வீடு சென்றார்கள். இனி இந்தப் பெண்ணை 'அவர்' என்றே அழைப்போம். ஏனெனில் இனி அவர் தம் காலில் நிற்கும் தொழிலாளி. கால்கள் துவண்டவரைப் பற்றி இப்படிச் சொல்வது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் அதுவே உண்மை.

1874-இல் தந்தையார் வீட்டைப் புதுப்பித்து, மகள் தைப்பதற்கென்று தனி அறை ஒன்றை அமைத்துக் கொடுத்தார். கீங்கனில் அப்போது 'ஃபெல்ட்' துணி செய்யும் ஆலை இருந்தது. ஃபெல்ட் என்பது தறியில் நெய்வதன்று. கம்பளி மயிரை நனைத்து, சூடேற்றி, அழுத்தி அழுத்திச் செய்யும் தடித்த துணி. வெட்டிய விளிம்பில் நூல் பிரிந்து வராது; குளிரைத் தாங்கும்; மலிவாகவும் கிடைக்கும். அந்த ஆலை மார்கரெட் அம்மையாரின் உறவினருடையது. உறவினர் ஒருவரின் யோசனைப்படி, ஃபெல்ட் துணியால் ஆயத்த ஆடை தைத்து விற்கும் கடையை 1877-இல் அவர் திறந்தார். அப்போது அவருக்கு வயது 30. பெண்கள் உள்ளே அணியும் கம்பளிப் பாவாடைகள் அக்கடையில் நன்கு விற்றன. விரைவில் வேறு தையற்பெண்களையும் வேலைக்கு வைத்துக்கொள்ளும் நிலை வந்தது.

இங்கே சற்று நிற்போம். வெறுங்கையோடு தொடங்கி வென்றார் என்று சில வரலாறுகளை நாம் படிக்கிறோம். மார்கரெட் அம்மையார் வரலாற்றை அப்படிச் சொன்னால் அது முழு உண்மை ஆகாது. தந்தை இடம் கொடுத்தார். உறவினர் துணி கொடுத்தார், ஆலோசனையும் கொடுத்தார். அக்காமார் தொழிலைத் தொடங்கி வழிகாட்டினார்கள். ஆனால் இவ்வளவு உதவியும் யாரைத் தேடி வந்தது? நன்றாகத் தைக்கத் தெரிந்தவரைத் தேடி வந்தது. 15 வயதில் வலியோடு கற்ற தையல் இல்லையென்றால், அந்த அறை வெற்றறையாகவே இருந்திருக்கும். அந்தத் துணி வேறு கடைக்குப் போயிருக்கும். கற்ற திறமைதான் முதல். மற்றவை அதன்மேல் வந்து சேர்ந்த வட்டி.

குட்டி யானை

1879-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். பெண்களுக்கான ஒரு நாகரிக இதழில், துணியால் சிறு யானை செய்வதற்கான மாதிரிப் படம் வெளிவந்தது. அதைப் பார்த்து அம்மையார் ஃபெல்ட் துணியை வெட்டி, உள்ளே மென்மையான ஆட்டுக்கம்பளியை அடைத்துக் குட்டி யானைகள் செய்தார். எதற்கு? ஊசி குத்தி வைக்கும் சிறு மெத்தையாகப் பயன்படட்டும் என்றுதான். உற்றாருக்கும் தோழியருக்கும் அன்பளிப்பாகக் கொடுத்தார்.

பெரியவர்கள் ஊசி குத்துவதற்கு முன்பே குழந்தைகள் அந்த யானையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்! அக்காலத்துப் பொம்மைகள் பெரும்பாலும் மரத்தாலும் தகரத்தாலும் பீங்கானாலும் ஆனவை. விழுந்தால் உடையும், மேலே விழுந்தால் வலிக்கும். இந்த யானையோ மெத்தென்று இருந்தது. கட்டிக்கொள்ளலாம், கன்னத்தில் வைத்துக்கொள்ளலாம், தூக்கி எறிந்தாலும் உடையாது. குழந்தைகள் விடவில்லை.

இந்த இடத்தில்தான் அம்மையாரின் கூர்மையை நாம் காண்கிறோம். ஊசிமெத்தையைக் குழந்தைகள் பாழாக்குகிறார்கள் என்று அவர் சலித்துக்கொண்டிருக்கலாம். பிள்ளைகள் கைக்கெட்டாமல் வையுங்கள் என்று எச்சரித்து அனுப்பியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. தாம் எதற்காகச் செய்தோம் என்பதை ஒதுக்கி வைத்துவிட்டு, மக்கள் அதை எதற்காக விரும்புகிறார்கள் என்று பார்த்தார். ஊசிமெத்தையைக் கைவிட்டார், பொம்மையைப் பிடித்துக்கொண்டார்.

ஆனால் பாவாடை தைப்பதை அவர் உடனே நிறுத்திவிடவில்லை. வயிற்றுக்குச் சோறு போடும் தொழில் அதுவே. அது நடந்துகொண்டிருக்கையில் யானை பக்கத்தில் மெல்ல வளர்ந்தது. தம்பி பிரிட்ஸ் ஒரு மூட்டை யானைகளை எடுத்துக்கொண்டு அருகிலிருந்த ஹைடன்ஹைம் சந்தைக்குப் போய் விற்றுவிட்டு வந்தார். அக்காள் செய்ததைத் தோளில் சுமந்து சென்று விற்கத் தம்பி வெட்கப்படவில்லை. 1885-இல் ஏறத்தாழ 600 யானைகள் விற்றன. அடுத்த ஆண்டில் 5000-க்கும் மேல் விற்றன. 600-ஐ எட்டவே ஐந்தாறு ஆண்டுகள் பிடித்தன என்பதையும், பின்பு ஒரே ஆண்டில் அது எட்டு மடங்குக்கு மேல் பெருகியது என்பதையும் மாணவியர் கவனிக்க வேண்டும். விதை மண்ணுக்குள் இருக்கும் காலம் நீண்டதாகத்தான் தோன்றும்.

யானையைத் தொடர்ந்து குரங்கு, கழுதை, குதிரை, ஒட்டகம், பன்றி, எலி, நாய், பூனை, முயல் என்று ஒரு காடே அவர் ஊசியில் பிறந்தது. 1890 வாக்கில் தம்பியின் முயற்சியால் புதிய கட்டடம் எழுந்தது. அம்மையாரின் சக்கர நாற்காலி தடையின்றி மேலே செல்லும்படி சாய்வுப் பாதை அமைத்துக் கட்டியிருந்தார்கள். உடல் ஊனமுற்றோருக்கு அத்தகைய வசதி வேண்டும் என்று உலகம் பேசத் தொடங்குவதற்கு நெடுங்காலம் முன்பே ஒரு தம்பி தன் அக்காளுக்காக அதைச் செய்தார். 1892-இல் படங்களோடு கூடிய முதல் விலைப்பட்டியல் வெளிவந்தது. 1893-இல் ஃபெல்ட் பொம்மைத் தொழிற்சாலை என்று அம்மையார் பெயரிலேயே நிறுவனம் முறைப்படி பதிவாயிற்று.

குழந்தைகளுக்கென்று செய்வதில் மிகச் சிறந்ததைத் தவிர வேறெதுவும் போதாது என்பது அம்மையாரின் கொள்கை. குழந்தைக்குத்தானே, எப்படியிருந்தால் என்ன என்று நினைப்பது உலக வழக்கம். குழந்தைக்கு என்பதாலேயே நன்றாக இருக்கவேண்டும் என்று நினைத்தவர் அவர். புதிதாக உருவாகும் ஒவ்வொரு பொம்மை மாதிரியையும் தாமே கையில் வாங்கித் தையலையும் துணியையும் சோதித்த பிறகே விற்பனைக்கு அனுப்புவார். பிள்ளைக் காலத்தில் தம் வண்டியைச் சுற்றி நின்ற சிறுவர் சிறுமியரை அவர் மறக்கவில்லை என்றே தோன்றுகிறது.

கரடி வந்த கதை

தம்பி பிரிட்ஸின் புதல்வர் அறுவர். ஒருவர் பின் ஒருவராக அவர்கள் அத்தையின் தொழிலில் சேர்ந்தார்கள். அவர்களுள் ரிச்சர்ட் ஓவியம் வல்லவர். ஸ்டுட்கார்ட் நகரில் கலைத்தொழிற்பள்ளியில் பயின்றவர். மாணவராக இருந்தபோது அந்நகர் விலங்குக்காட்சிச் சாலைக்குச் சென்று கரடிகளைப் பார்த்துப் பார்த்து வரைந்தார். 1897-இல் அத்தையிடம் வேலைக்குச் சேர்ந்தவர், 1902-இல் கையும் காலும் அசையும்படியான கரடி பொம்மை ஒன்றை உருவாக்கினார். மாணவப் பருவத்தில் நோட்டில் வரைந்த படங்களே உலகப் புகழ்பெற்ற பொம்மைக்கு வித்தாயின. கற்கும் காலத்தில் கிறுக்கிய தாளைக்கூட அலட்சியமாக எறியாதீர்கள் என்று சொல்வதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

அந்தக் கரடியைப் பார்த்தபோது அம்மையாருக்கே தயக்கம் இருந்தது என்பார்கள். பெரிய உருவம், விலையும் அதிகம். இருந்தாலும் அண்ணன் தம்பிப் பிள்ளைகளின் முயற்சிக்கு அவர் தடை போடவில்லை. 1903-இல் லைப்சிக் நகரில் நடந்த வணிகக் கண்காட்சியில் கரடியை வைத்தார்கள். முதலில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கண்காட்சி முடியும் வேளையில் அமெரிக்க வணிகர் ஒருவர் வந்தார், கரடியைக் கண்டார், 3000 கரடிகள் வேண்டும் என்று கேட்டார்!

அமெரிக்காவில் அப்போது கரடிக்கு ஏன் அவ்வளவு மவுசு? 1902-இல் அந்நாட்டுக் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் மிசிசிப்பி மாநிலத்தில் வேட்டைக்குச் சென்றிருந்தார். வேட்டைக்காரர்கள் பிடித்துக் கட்டிவைத்திருந்த கரடி ஒன்றைச் சுட அவர் மறுத்துவிட்டார். இது செய்தித்தாளில் கேலிச்சித்திரமாக வந்து நாடெங்கும் பேச்சாயிற்று. 'டெடி' என்பது தியோடர் என்னும் பெயரின் செல்லச் சுருக்கம். அந்தச் சித்திரத்தைப் பார்த்து நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் மிட்டாய்க்கடை வைத்திருந்த மோரிஸ் மிச்டம், ரோஸ் என்னும் தம்பதியரும் துணிக்கரடி செய்து கடையில் வைத்தார்கள். ஆகவே டெடி கரடிக்குக் கடலின் இருபுறமும் இரண்டு பிறந்தகங்கள் உண்டு. ஒன்று தையற்கடை; மற்றொன்று மிட்டாய்க்கடை. இரண்டுமே சிறு கடைகளாக இருந்தவைதாம்.

பிறகு நடந்தவை கதை போலத் தோன்றும். 1904-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த உலகக் கண்காட்சியில் ஸ்டைஃப் பொம்மைகள் உயர்ந்த பரிசைப் பெற்றன. 1907-இல் மட்டும் 9,74,000 கரடிகள் தயாராயின. தொழிற்சாலையில் 400 பேரும், தத்தம் வீட்டிலிருந்தே தைத்துக் கொடுப்போர் 1800 பேரும் வேலை பார்த்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தொழிலாளர் நல்ல வெளிச்சத்தில் தைக்கவேண்டும் என்பதற்காக 1903-இல் கண்ணாடிச் சுவர்களால் ஆன கட்டடம் ஒன்றையும் எழுப்பினார்கள். ஊரார் அதைக் கன்னியர் இருக்கும் கண்ணாடித் தொட்டி என்று வேடிக்கையாக அழைத்தார்கள்.

புகழ் வந்தால் போலியும் வரும். பிறர் செய்த பொம்மைகளோடு தம் பொம்மைகள் கலந்துவிடாமல் இருக்க, 1904 முதல் ஒவ்வொரு பொம்மையின் காதிலும் ஒரு சிறு உலோகப் பொத்தானைப் பதித்தார்கள். அதுவே தரத்தின் அடையாளமாயிற்று. இன்றும் ஸ்டைஃப் பொம்மையின் காதில் அந்தப் பொத்தானைக் காணலாம்.

1906-இல் நிறுவனத்தை வரையறுக்கப்பட்ட பொறுப்புடைய கூட்டு நிறுவனமாக மாற்றி, அண்ணன் தம்பியராகிய மருமக்களிடம் பொறுப்பைப் பகிர்ந்தளித்தார். 1909-ஆம் ஆண்டு மே 9-ஆம் நாள், தம் 61-ஆம் வயதில், நுரையீரல் அழற்சியால் அம்மையார் மறைந்தார். மணம் செய்துகொள்ளவில்லை, பிள்ளைகள் இல்லை. ஆயினும் உலகில் எத்தனை எத்தனை தொட்டில்களில் அவர் கைவேலை கிடந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கும்போது நெஞ்சம் நெகிழ்கிறது.

நாம் கற்பது என்ன?

மார்கரெட் அம்மையாரைப் போல எல்லாரும் தொழிற்சாலை கட்டவேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. அது எல்லாருக்கும் வாய்ப்பதும் இல்லை. ஆனால் மாணவப் பருவத்தில் சிறு தொழில் ஒன்றைத் தொடங்க ஊக்கம் எங்கே கிடைக்கும் என்று தேடுகின்ற பெண்ணுக்கு, இவ்வாழ்க்கை சில செய்திகளைத் தெளிவாகச் சொல்கிறது.

முதலாவது, ஒரு கைத்திறனையாவது குறையின்றிக் கற்றுக்கொள்ள வேண்டும். மெதுவாகக் கற்றாலும் சரி. தையல் வகுப்பில் கடைசியாக முடிப்பவள் வாழ்க்கையிலும் கடைசியாகத்தான் இருப்பாள் என்று எந்த விதியும் இல்லை.

இரண்டாவது, தெரிந்ததைக் கொண்டு தொடங்க வேண்டும். அவர் இசை தெரிந்ததால் இசை கற்பித்தார். கணக்கு நன்றாக வருகின்ற மாணவி அடுத்த வீட்டுக் குழந்தைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கலாம். கோலம் நன்றாகப் போடுபவள் வாழ்த்து அட்டை வரையலாம். கிடைப்பது சில ரூபாயாக இருக்கலாம். அதை ஒரு நோட்டில் வரவு எழுதி வைத்துப் பாருங்கள். அந்த நோட்டு தரும் ஊக்கத்தை வேறு எந்தப் பேச்சும் தராது.

மூன்றாவது, ஊரில் மலிவாகக் கிடைப்பது எது என்று பார்க்க வேண்டும். கீங்கனில் ஃபெல்ட் துணி கிடைத்தது. நம் பக்கத்தில் பனையோலை கிடைக்கிறது. தென்னங்கீற்றும் நாரும் கிடைக்கின்றன. தையற்கடைகளில் துண்டுத்துணி மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. வீட்டு வாசலில் கிடப்பதைக் காணாமல் தொலைதூரத்தில் தேடுவானேன்?

நான்காவது, நாம் செய்த பொருளை மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கவனிக்க வேண்டும். ஊசிமெத்தையைக் குழந்தை தூக்கிச் சென்றபோது அம்மையார் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. அங்கேதான் அவர் தொழில் பிறந்தது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. அந்தத் தந்தை மகளைக் குணப்படுத்த முயன்றார், முடியவில்லை. மகள் தைக்க ஓர் அறை கேட்கும் நிலைக்கு வந்தபோது அறை அமைத்துக் கொடுத்தார், அது பலித்தது. நம் வீடுகளில் பெண்ணுக்கென்று நகை சேர்க்கிறோம்; பாத்திரம் சேர்க்கிறோம். அவளுடைய கைத்திறனுக்கென்று வீட்டில் ஒரு மேசையும், வாரத்தில் சில மணி நேரமும் ஒதுக்கிக் கொடுத்தால் என்ன? பெண் செய்த பொருளை விற்றுவர அவள் தம்பியை அனுப்பினால்தான் என்ன?

அன்பு மாணவியரே! அடுத்த கண்காட்சிக்கு நீங்கள் செய்யும் பொருள், பரிசு வாங்கிய மறுநாள் பரண்மேல் ஏறவேண்டாம். அதேபோல் இன்னும் இரண்டு செய்யுங்கள். ஒன்றை அன்பளிப்பாகக் கொடுங்கள். ஒன்றை விலைக்குக் கொடுங்கள். வாங்கியவர் வீட்டுக்கு ஒரு வாரம் கழித்துச் சென்று, அது எங்கே இருக்கிறது, யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் குட்டி யானை அங்கே உங்களுக்காகக் காத்திருக்கக்கூடும்.